சிறிய தொட்டிக்குக் குடிபெயரும் கடல்

கண்மாய் சுருங்கும் காலம்

சித்திரை மாதத்து விடியற்காலையில் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கரைமேல் நின்று பார்ப்பவருக்கு, நீர்வாழ் ஜீவராசிகளின் வாழ்வை ஆளுகின்ற பெரிய விதியொன்று, கருவி எதனுடைய துணையுமின்றிப் பிரத்தியட்சமாகப் புலப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து கலுங்கை எட்டிப்பார்த்த தண்ணீர், இப்போது மடையை அடுத்த பள்ளத்தில் ஒரு குட்டையாக ஒதுங்கிக் கிடக்கும். அதன் மேற்பரப்பில் கெண்டை மீன்கள் தலையைச் சற்றே உயர்த்தி, உதடுகளை நீர்மட்டத்தோடு பொருத்தி, வாயைத் திறப்பதும் மூடுவதுமாகக் கூட்டங்கூட்டமாய் மிதக்கும். இரவு முழுவதும் மீன்களும் பாசியும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்களும் சேர்ந்து நீரில் கரைந்திருந்த பிராணவாயுவைச் செலவழித்துவிட, வெயில் ஏறிப் பாசி மீண்டும் அதை உண்டாக்கத் தொடங்கும்வரை உள்ள அந்த ஒரு நாழிகைதான் அவற்றுக்கு மிகக் கொடிய நேரம். அதே குட்டையில் விராலும் தேளியும் இவ்வளவு தவிப்பதில்லை. வெளிக்காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்புகளை இயற்கை அவற்றுக்கு அளித்திருக்கிறது. கோடைதோறும் நீர் சுருங்கும் தேசத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இனங்கள், சுருக்கத்தைத் தாங்கும் வழியைத் தம் உடம்பிலேயே அமைத்துக்கொண்டுவிட்டன.

மார்கழியில் அந்தக் கெண்டைகளுக்கு யாதொரு குறையும் இருக்கவில்லை. அவற்றின் எண்ணிக்கை கூடியதால் வந்த துன்பமன்று இது. அவற்றின் கழிவைக் கரைத்து, வெப்பத்தைப் பகிர்ந்து, மூச்சுக்காற்றைச் சேமித்து வைத்திருந்த நீர் குறைந்ததால் வந்த துன்பம். பெருநீர் தன் பெருமையினாலேயே பல காரியங்களை ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கிறது என்பதும், அது குறையும்போது அந்தக் காரியங்களை வேறு யாரேனும் ஏற்றுச் செய்தாக வேண்டும் என்பதும் கரிசல் காட்டு மக்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த உண்மைகள். வீட்டுக் கூடத்தில் அமைத்த பெரிய கடல்நீர்த் தொட்டி ஒன்றைக் கலைத்து, அதன் உயிர்களைச் சிறிய தொட்டியொன்றில் குடியேற்ற நினைப்பவர் கற்க வேண்டிய பாடமும் இதுவே. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கண்மாய் மீன் சுருக்கத்துக்குப் பழகியது. கடற்பாறைகளிடையே வாழும் மீனோ, யுகயுகமாக உப்பும் வெப்பமும் ஏறக்குறைய மாறாமலே இருந்த சமுத்திரத்தின் பிள்ளை.

கடல் கண்ணாடிக்குள் வந்த வரலாறு

கடலுயிரைக் கடலுக்கு வெளியே வாழவைக்கும் கலை நெடுநாளையதன்று. 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து அன்னா தின் என்ற அம்மையார் சில பவள உயிர்களை லண்டனிலிருந்த தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். கடல் எட்டாத நகரத்தில் புது நீர் கிடைக்காமையால், இருந்த நீரையே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்குத் திறந்த சன்னலருகே மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, காற்றை அதில் கலக்கவைத்து, அந்த உயிர்களைக் காப்பாற்றினார். பின்னர் கடற்பாசியையும் உடன் வைத்தார். பிலிப் காஸ் போன்ற இயற்கை நூலார் அடுத்த சில ஆண்டுகளில் இக்கலையைப் பரப்பினர். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் நாட்டிலும் இம்முயற்சி வெகுவாகப் பின்தங்கிவிடவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு வளங்களையும் இராமேசுவரத் தீவின் கடலுயிர்களையும் ஆராய்ந்து எழுதிய எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான சென்னைக் கடற்கரைக் காட்சியகம் 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க்காலம்வரை மக்களைக் கவர்ந்துகொண்டிருந்தது.

வீடுகளில் கடற்பாறைத் தொட்டி வைக்கும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் இந்தோனேசியத் தலைநகரில் வாழ்ந்த லீ சின் எங் முக்கியமானவர். பெரிய வடிகட்டும் இயந்திரங்களை நம்பாமல், கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் குடியிருக்கும் பாறைத் துண்டுகளையும் மெல்லிய காற்றுக் குமிழ்களையுமே வைத்துத் தொட்டியை நெடுங்காலம் தெளிவாக வைத்திருக்கலாம் என்று அவர் 1961ஆம் ஆண்டில் எழுதினார். அந்தப் பாறைக்குள் என்ன நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் மையச் செய்தி.

அதற்குள் செல்லுமுன் நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை தூத்துக்குடியில் முடிகிறது. அங்கிருந்து இராமேசுவரம்வரை விரிந்து கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக விளங்குகின்றன. பாறை கட்டும் பவள இனங்கள் யாவும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. கடல் விசிறிகளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆகவே, சாலை இவ்வளவு நேராக இருக்கிறதே என்று அங்கு சென்று ஒரு பவளத் துண்டையேனும், அது உயிருள்ளதாயினும் இறந்ததாயினும், எடுத்துவருவது குற்றம். கடலையே நேசிப்பவர் அதைச் செய்யவும் மாட்டார். நம் தொட்டிகளுக்கு மனிதன் வார்த்த பாறைகளும் பண்ணையில் பொரித்து வளர்த்த மீன்களும் போதும். 1947இல் தொடங்கப்பெற்று, நெடுங்காலம் மண்டபம் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், கோமாளி மீன்களைக் கடலிலிருந்து பிடிக்காமல் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யவைக்கும் முறைகளை மண்டபத்திலேயே வகுத்திருக்கிறார்கள்.

சுருக்கத்தின் மூன்று கணக்குகள்

அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டின் கூடத்தில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமுமுள்ள தொட்டி இருப்பதாகக் கொள்வோம். அதன் கொள்ளளவு 24 கன அடி; அதாவது சுமார் 680 லிட்டர். வீடு மாறுவதனாலோ, முதுமையினாலோ, மின்கட்டணம் தாங்காமையினாலோ, இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமுமுள்ள தொட்டிக்கு அதை மாற்ற நேர்கிறது. புதியதன் கொள்ளளவு 127 லிட்டர். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நீர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் இச்சுருக்கம் வெப்பத்துக்கு ஒரு விதமாகவும், உப்புக்கு வேறு விதமாகவும், கழிவுக்கு மற்றொரு விதமாகவும் பலிக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டறியாதவரே பெரும்பாலும் ஏமாறுகிறார்.

முதலாவது வெப்பம். அறையின் சூடு தொட்டிக்குள் நுழைவதும் வெளியேறுவதும் அதன் பரப்புகளின் வழியாக. பெரிய தொட்டியின் ஆறு முகங்களையும் கூட்டினால் 56 சதுர அடி. ஒரு கன அடி நீருக்கு இரண்டேகால் சதுர அடிக்குச் சற்று அதிகமான பரப்பு. சிறிய தொட்டிக்கோ மொத்தம் பதினாறரை சதுர அடியே ஆயினும், ஒரு கன அடி நீருக்கு மூன்றரை சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பு வாய்க்கிறது. ஆகவே, ஒரே அறையில் ஒரே வெயிலில் சிறிய தொட்டியின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் ஏறி இறங்கும். நண்பகலில் சுவரும் தளமும் கொதிக்கும் இந்தப் பிரதேசத்தில், பெரிய தொட்டி மாலைக்குள் அடையாத சூட்டைச் சிறிய தொட்டி மதியத்துக்குள் அடைந்துவிடும். சூடு ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயு குறைகிறது. உப்பு நீரிலோ அது முதலிலேயே குறைவு. 25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான பிராணவாயுவைத் தாங்கும். கடல்நீர் ஏழுக்கும் குறைவாகவே தாங்கும். 30 பாகையில் அது ஆறை ஒட்டி வந்துவிடும். மின்சாரம் நின்ற கோடைப் பிற்பகல் ஒன்றில் சிறிய தொட்டிக்கு முதலில் வரும் அபாயம் மூச்சுமுட்டல்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டியதன் காரணம் இது.

இரண்டாவது உப்பு. நீர் ஆவியாகிப் போகிறது, உப்பு போவதில்லை. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறதென்று வைத்துக்கொண்டால், இரண்டடி ஆழமுள்ள நீரில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றரை அடி ஆழத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கொள்ளளவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தும் இந்தக் கணக்கு ஐந்து மடங்காகாமல் சிறிதே கூடியிருப்பதற்கு, நூற்றுக்கு எத்தனை பங்கு ஆவியாகும் என்பதை நிர்ணயிப்பது நீரின் ஆழமே என்பது காரணம். அகன்று ஆழமற்ற கண்மாய் சீக்கிரம் வற்றுவதும் இதனாலேதான். ஆயினும் இந்தச் சிறிதும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. மூன்று நாள் கவனிக்காமல் விட்டால், ஆயிரத்துக்கு 35 பங்காயிருந்த உப்பு 36ஐத் தாண்டிவிடும். எனவே, குறைந்த நீரை நாள்தோறும் நிரப்ப வேண்டும். அதுவும் உப்பில்லாத நீரால் நிரப்ப வேண்டும். இப்பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் வரும் உப்புத் தண்ணீர் இதற்கு உதவாது. அதிலுள்ள உப்பு கடலின் உப்புமன்று; சுண்ணாம்பும் நைட்ரேட்டும் வேறு விகிதத்தில் கலந்தது. அதைக்கொண்டு நிரப்புவோர், ஆவியானதற்கு ஈடாக நாள்தோறும் ஒரு பிடி வேற்று உப்பைச் சேர்த்துவருபவராவர். ஆர்.ஓ. தண்ணீரே இதற்குத் தக்கது.

மூன்றாவது கழிவு. இங்கே கணக்கு கொள்ளளவைப் பொறுத்தது. ஆகவே தயவு தாட்சணியமற்றது. அதே மீன்கள், அதே ஆகாரம், ஐந்தில் ஒரு பங்கு நீர். கழிவு ஐந்து மடங்கு வேகத்தில் செறியும். மீன்கள் செவுள்வழியே வெளியேற்றும் அமோனியா, கடல்நீரில் நன்னீரைவிடக் கொடியது. நடுநிலையான நன்னீரில் அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். காரத்தன்மையுள்ள கடல்நீரிலோ ஐந்து முதல் பத்துப் பங்குவரை நச்சு வடிவம் கொள்கிறது. நீண்ட தூரம் பையில் அடைத்துக் கொண்டுவந்த மீன் திறந்தவுடன் இறப்பதன் சூட்சுமமும் இதில் அடங்கியிருக்கிறது. மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு நீரின் காரத்தைக் குறைத்து, சேர்ந்த அமோனியாவைச் சாதுவாக வைத்திருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேற, காரம் ஏற, அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாகிவிடும்.

பவளம் கேட்கும் நான்காவது கணக்கு

உயிருள்ள பவளங்களை ஆராய்ச்சி நிலையங்களிலும், சட்டம் இடங்கொடுக்கும் வெளிநாடுகளில் துண்டு நட்டு வளர்க்கும் பண்ணைகளிலும் பேணுவோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. பவளம் தன் எலும்பைச் சுண்ணாம்பினால் கட்டுகிறது. அதற்கு வேண்டிய கால்சியத்தையும், நீரின் காரச் சேமிப்பாக இருக்கும் கார்பனேட்டையும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் எலும்பு கட்டப்பட்டால், நம் கணக்கின்படி 680 லிட்டர் நீரின் காரச் சேமிப்பில் நூற்றுக்கு ஒரு பங்கும் சற்றும் குறையும். 127 லிட்டர் நீரிலோ ஏறக்குறைய ஏழு பங்கு குறைந்துவிடும். அதே சமயம் கால்சியம் அச்சிறிய தொட்டியிலும் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. கடல்நீரில் கால்சியம் அவ்வளவு தாராளம், காரச் சேமிப்பு அவ்வளவு சிக்கனம். ஆகவே, சிறிய தொட்டியில் முதலில் அளக்க வேண்டியது காரச் சேமிப்பே. வாரம் ஒருமுறை அளந்துகொண்டிருந்தவர் நாள்தோறும் அளக்கும் நிலை வந்துவிடும்.

ஒளியும் அவ்வாறே. பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு சமைக்கும் ஆகாரத்தின் பெரும்பகுதி பவளத்துக்கே போய்ச் சேருகிறது. ஆழம் குறைந்த தொட்டியில் விளக்கு அருகே வந்துவிடுவதால், அதே விளக்கு முன்னினும் கடுமையாகத் தாக்கும். பழகும்வரை அதை உயர்த்தியோ நேரத்தைக் குறைத்தோ வைக்க வேண்டும். அளவு மீறிய ஒளியும் வெப்பமும் சேர்ந்தால், பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகும். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒன்று அல்லது இரண்டு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே இது நேரும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடைகளில் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் இவ்வாறு வெளுத்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் 2002ஆம் ஆண்டு முதல் அந்தத் தீவுகளையடுத்த கடலடியில் பவளத் துண்டுகளைச் செயற்கை மேடைகளில் நட்டு வளர்த்துவருகிறார்கள். கடலின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும் அந்தத் துண்டுகளுக்கே இவ்வளவு பக்குவம் தேவைப்படும்போது, கடலே இல்லாத இடத்தில் எவ்வளவு தேவைப்படும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

நீரையும் மீனையும் மாற்றிவிட்டால் தொட்டி மாறிவிட்டதென்று நினைப்பது இயல்பு. உண்மையில் தொட்டியின் பெரும்பான்மைக் குடிகள் கண்ணுக்குத் தெரியாதவர்கள். 1890ஆம் ஆண்டையொட்டி ருஷ்ய விஞ்ஞானி ஸெர்கெய் வினோகிராட்ஸ்கி, மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அமோனியாவையே எரிபொருளாகக்கொண்டு வாழ்கின்றன என்று நிரூபித்தார். ஒரு வகை அதை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை அபாயம் மிகக் குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. இவ்விரு வகையாரும் நீரில் மிதந்து திரிவோரல்லர். பாறையின் துளைகளிலும், மணலின் மேற்படலத்திலும், வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவர்கள். வளர்ப்போர் லைவ் ராக் என்றழைக்கும் உயிர்ப்பாறையின் வெளித்துளைகளில், பிராணவாயு நிறைந்த இடத்தில், அவர்கள் வேலை செய்கிறார்கள். பாறையின் ஆழத்தில், பிராணவாயு எட்டாத இருட்டில், வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டையும் பிரித்து வெறும் நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. லீ சின் எங்கின் தொட்டி இயந்திரமின்றித் தெளிந்திருந்ததன் ரகசியம் இதுதான். மனிதன் வார்த்த பாறையாயினும், பல மாதங்கள் கடல்நீரில் ஊறிய பின் இக்குடிகள் அதில் நிலைத்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒரு நேரான முடிவு கிடைக்கிறது. பழைய நீரைப் பொக்கிஷம்போலக் காப்பதால் பயன் அதிகமில்லை. பழைய பாறையைக் காப்பதே காரியம். அது காய்ந்துவிட்டால் அந்தக் குடிகள் மடிவர். அவர்களோடு பாறையில் வாழ்ந்த புழுக்களும் கடற்பஞ்சுகளும் மடிந்து அழுகி, தூய்மை செய்ய வேண்டிய பாறையே அமோனியாவின் ஊற்றாகிவிடும். வடிகட்டியை நிறுத்தி மூடி வைத்தாலும் சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சின்றிச் சாகத் தொடங்கும். மாற்றும் வேளை முழுவதும் அதன் பஞ்சு காற்றோட்டமுள்ள கடல்நீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

பழைய மணலின் கதை நேர்மாறானது. பல ஆண்டுகள் கலையாமல் கிடந்த மணற்படுகையின் அடியில் மலமும் மிச்ச ஆகாரமும் அழுகி, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு தங்கியிருக்கும். படுகையை ஓரத்தில் சிறிது கிளறினால், மேலே வெண்மையாய் இருந்த மணல் கீழே கருத்து, சாம்பல் நிறக் கசடு புகைபோல் எழும். இதை அப்படியே வாரிப் புதிய தொட்டியில் கொட்டுவது, பல ஆண்டுக் கழிவை ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு நீருக்குள் அவிழ்த்துவிடுவதாகும். மணலைப் புதிதாகவே இட வேண்டும். பழையதன் மேற்படலத்திலிருந்து ஒரு பிடி மட்டும் வித்தாகத் தூவினால் போதும்.

குடிபெயர்ச்சியின் ஒழுங்கு

இந்தப் பிரதேசத்தில் இக்காரியத்துக்கு உகந்த காலம் மார்கழி, தை. அறை வெப்பமும் தொட்டி வெப்பமும் ஏறக்குறைய ஒத்திருக்கும் அந்த நாட்களில், வாளிகளில் காத்திருக்கும் உயிர்களுக்குச் சூட்டால் வரும் தொல்லை இல்லை. சில நாட்கள் முன்னதாகவே ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்து, சிறு பம்ப்பினால் ஓயாது சுழலவிட்டு, காற்றோடு நன்றாக உறவாடச் செய்து, உப்பும் வெப்பமும் பழைய தொட்டியோடு ஒத்திருப்பதை ரிஃப்ராக்டோமீட்டராலும் வெப்பமானியாலும் சரிபார்க்க வேண்டும். அன்றைக்குக் கரைத்து அன்றைக்கே ஊற்றிய நீர் கடலுயிருக்குத் தீங்கு செய்யக்கூடும். முந்தின நாள் மீன்களுக்கு ஆகாரம் நிறுத்தப்பட வேண்டும்; வயிறு காலியான மீன் வாளியில் குறைவாகவே கழிக்கும்.

மாற்றும் நாளில், மணல் கலங்குமுன் தெளிந்த மேல் நீரைப் பெரிய டிரம்களில் எடுத்து வைத்துக்கொள்வது முதற்காரியம். பின்னர் பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த நீரிலேயே மூழ்க வைக்க வேண்டும். கடற்பஞ்சு ஒட்டிய பாறையை ஒரு கணமும் காற்றில் தூக்கலாகாது. அதன் நுண்குழாய்களில் காற்று புகுந்துவிட்டால் வெளியேறாமல், அந்தப் பகுதி அழுகிவிடும். நீருக்கடியிலேயே வாளியைச் சாய்த்து, நீரோடு சேர்த்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் அனிமோன் பற்றிய பாறையை அனிமோனோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் அடிப்பாதத்தைப் பிய்த்து எடுத்தால், கிழிந்த இடம் ஆறுவது அரிது. புதிய இடத்தில் அது தனக்குப் பிடித்த மூலையைத் தேடி நடக்கத் தொடங்கும். பம்ப்பின் உறிஞ்சு வாய்களை வலையால் மூடி வைக்காவிட்டால், நடந்தே போய் அதில் சிக்கிச் சிதையும்.

மீன்களைக் கடைசியில் பிடிப்பதே முறை. பாறையெல்லாம் போய், நீரும் கணுக்கால் அளவு வற்றிய பின் ஒளிய இடமின்றி நிற்கும் மீனை அலைக்கழிக்காமல் எடுத்துவிடலாம். பாறையிருக்கும்போதே வலை வீசித் துரத்துவோர், பாறைகளையும் கலைத்து மீனையும் காயப்படுத்துகிறார்கள். மூடியுள்ள இருண்ட வாளியில், காற்றுக் குமிழ் விட்டு, வாளிக்கு ஒன்றிரண்டாக வைப்பது நலம். புதிய தொட்டியில் குடியேற்றும் வரிசை முதலில் பாறை, பிறகு மணலும் நீரும், நீர் தெளிந்து அமோனியா இல்லையென்று சோதித்தறிந்த பின்னரே மீன் என்றிருக்க வேண்டும்.

பாறைகளில் பூப்போலத் திரண்டிருக்கும் ஸோவாந்தஸ் வகை உயிர்களைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டும். இவற்றுள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற அதிகொடிய நஞ்சு உண்டு. கையில் கீறலோடு தொட்டாலும், நீர் கண்ணில் தெறித்தாலும், அப்பாறையைச் சுத்தம் செய்யக் கொதிக்கவைத்து அதன் ஆவியைச் சுவாசித்தாலும் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். கையுறையும் கண்ணாடியும் அணியாமல் அவற்றை அணுகலாகாது. கொதிக்கவைப்பது எந்நாளும் கூடாது.

மாற்றிய பின் முதல் மாதம்தான் உண்மையான சோதனை. அமோனியாவையும் நைட்ரைட்டையும் நாள்தோறும் அளந்து, தலைகாட்டினால் உடனே நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். ஆகாரத்தை அரைவயிறாக வைக்க வேண்டும். பாறையில் இறந்துபோன சிறு உயிர்களின் கடன் இக்காலத்தில்தான் வசூலிக்கப்படுகிறது.

யாரை உடன் அழைத்துச் செல்வது

இவ்வளவு கவனமும் வீணாகிவிடக்கூடிய ஒரு பிழை உண்டு. எல்லா உயிர்களையும் உடன் கொண்டுபோவது. பெரிய தொட்டியில் பத்து மீன்கள் சௌக்கியமாக இருந்தனவென்றால், சிறியதில் இரண்டே இருக்கலாம் என்பதைக் கழிவுக் கணக்கு ஏற்கனவே சொல்லிவிட்டது. இடக் கணக்கும் அதையே சொல்கிறது. கோமாளி மீன்கள் யாவும் பிறக்கும்போது ஆணே. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாகி ஆட்சி செய்ய, அடுத்தது அதன் துணைவனாக, மற்றவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு வரிசையில் காத்திருக்கும். பெண் இறந்தால் துணைவன் பெண்ணாகும். வரிசை ஓரடி நகரும். பெரிய தொட்டியில் இந்தக் கீழ்ப்படிதலுக்கு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. சிறிய தொட்டியில் விலகிப்போக வழியின்றி, பெரியவள் விரட்ட, சிறியவை துடுப்புக் கிழிந்து மூலையில் நடுங்கும். ஆகவே, ஒரு ஜோடியே போதும். வேகமாக நீந்தி நெடுந்தூரம் திரியும் இனங்களுக்கு இரண்டடித் தொட்டி சிறைச்சாலை.

எஞ்சியவற்றை மாற்றும் நாளுக்கு முன்னரே, தக்க தொட்டியுள்ள வேறு வளர்ப்பவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவற்றைக் கடலிலோ கண்மாயிலோ விடுவது தயையன்று. கண்மாயில் விட்ட கடல்மீன் சில மணி நேரத்தில் இறக்கும், கடலில் விட்ட தொட்டிமீன் நோயையும் வேற்றினத்தையும் அங்கே கொண்டு சேர்க்கும். நீரின் பெருமை இதுவரை நமக்காகச் செய்துவந்த வேலையை இனி நம் அறிவும் விழிப்பும் செய்ய வேண்டும். நம்மால் செய்ய இயன்ற அளவுக்கே உயிர்களை வைத்திருப்பதுதான் தர்மம்.

பழைய நீரின் கடன்

பெரிய தொட்டியில் பாறையும் மணலும் அடைத்த இடம் போக உண்மையில் இருந்த நீர் சுமார் 550 லிட்டர் என்று கொள்வோம். அதில் 50 லிட்டர் புதிய தொட்டிக்குப் போக, மீதி 500 லிட்டரில் ஏறக்குறைய 18 கிலோ உப்பு கரைந்திருக்கிறது. இதைத் தெருவோர வாய்க்காலில் விட்டால் கண்மாயைச் சேரும். மல்லிகைத் தோட்டத்தில் விட்டால் செடி கருகும். கரிசல் நிலத்தில் விட்டால் வரும் கேடு இன்னும் ஆழமானது. கரிசலின் களிமண் துகள்கள் கால்சியத்தின் பிணைப்பால் கட்டிகளாகச் சேர்ந்து, இடையிடையே காற்றும் மழைநீரும் நுழைய வழிவிட்டிருக்கின்றன. சோடியம் வந்து கால்சியத்தின் இடத்தைப் பிடித்ததும், கட்டிகள் கலைந்து பொடியாகி, துளைகள் அடைபட்டு, மேலே ஒரு தோல்போல இறுகி, அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். மழைக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நிலத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை.

ஆனால் இந்த வெயிலே இதற்கு வழியும் காட்டுகிறது. ஓட்டையில்லாத தடித்த தார்ப்பாய் ஒன்றை நான்கு பக்கமும் வரம்பு உயர்த்தித் தரையில் விரித்து, 20 சதுர மீட்டர் பரப்பில் அந்த நீரை ஊற்றினால், ஆழம் ஓர் அங்குலம்கூட இராது. தை மாத வெயிலிலேயே இரண்டு வாரத்துக்குள் பெரும்பகுதி காய்ந்து, ஓரங்களில் தொடங்கி நடுவரை வெண்படிகம் பூக்கும். நடுவில் எண்ணெய்போல் ஒரு கசப்பு நீர் மட்டும் காயாமல் நிற்கும். மக்னீசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். மாதக்கணக்கில் தொட்டியில் இருந்த கடலுயிர்க் கிருமிகளில் பெரும்பாலானவை இந்த வெயிலிலும் வறட்சியிலும் மடிந்துவிடும். அந்தப் படிகத்தையும் கசப்பு நீரையும் வாளியில் வாரி மூடி வைத்து, தூத்துக்குடிப் பக்கம் போகும் நாளில் கடலில் சேர்த்துவிடலாம். தொட்டியை மாற்றும் தேதியைக் குறிக்கும்போதே தார்ப்பாய்க்கும் இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இடம் கிடைக்கும்வரை பழைய தொட்டியின் ஒரு வாளி நீரையும் வெளியே இறைக்கலாகாது.